மென்பொருள் பாட்காஸ்ட்: காசு உண்டு, வாசல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டப்புற இளைஞர்களுக்கு நடத்தப்படும் கருத்தரங்குகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. கைப்பேசியும் பேச நாலு விஷயமும் இருந்தால் போதுமாம், பாட்காஸ்ட் என்னும் இணைய ஒலி நிகழ்ச்சி தொடங்கலாமாம், விளம்பரம் தானாக வந்து மாதம் பிறந்தால் காசு கொட்டுமாம். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் நம்மவர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் எங்கள் ஊரில், யூனிசெல் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளும் படித்து முடித்துச் சைபர்ஜெயாவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் இதைக் கேட்டுக் கையிலிருக்கும் காசைப் போட்டு மைக் வாங்குகிறார்கள். மென்பொருள் எழுதுபவர்களுக்கான பாட்காஸ்டில் வருமானம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அது வரும் வாசல் வேறு என்கிறோம்.

முதலில் விளம்பரக் கணக்கு. பாட்காஸ்ட் விளம்பரத்துக்கு ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். ஆயிரத்துக்கு 20 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அத்தியாயத்தை 500 பேர் இறக்குகிறார்கள், மாதம் நான்கு அத்தியாயம், ஒவ்வொன்றிலும் இரண்டு விளம்பரம். பெருக்கிப் பார்த்தால் 80 டாலர். 500 பேர் கேட்கும் நிகழ்ச்சியை விளம்பர முகவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள் என்பது வேறு கதை. சினிமாவும் அரசியலும் பேசினால் கூட்டம் சேரும். டேட்டாபேஸ் இண்டெக்ஸ் எதற்கு என்று பேசினால் சேராது, சேர வேண்டியதும் இல்லை.

இங்கே விலைபோவது, கேட்பவர் யார் என்பது. 300 பேர்தான் கேட்கிறார்கள், ஆனால் அத்தனை பேரும் சம்பளத்துக்கு நிரல் எழுதுபவர்கள் என்றால், சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கும் ஆள் தேடும் நிறுவனத்துக்கும் பயிற்சி நிலையத்துக்கும் அந்த 300 பேர் பொன். எந்தக் கருவியை வாங்குவது என்று முதலாளிக்குச் சொல்பவர்கள் அவர்கள்தாம். வெளிநாட்டு அனுபவமும் இதுதான். ‘டாட்நெட் ராக்ஸ்’ நிகழ்ச்சி 2002-இல், பாட்காஸ்ட் என்ற சொல்லே புழக்கத்துக்கு வருமுன் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் கருவிகளில் வேலை செய்பவர்கள் என்ற ஒரே வட்டத்தை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டு ஓடியிருக்கிறது. இணையப்பக்க நிரலர்களுக்கான ‘சின்டாக்ஸ்’ நிகழ்ச்சியை, அதற்கு ஆதரவு தந்துகொண்டிருந்த சென்ட்ரி நிறுவனமே 2023-இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சென்ட்ரி விற்பது மென்பொருளில் வரும் பிழைகளைக் கண்காணிக்கும் சேவை. அதை வாங்கக்கூடியவர்கள் அந்த நிகழ்ச்சியைக் கேட்பவர்கள்.

ஆகவே தலைப்பைக் குறுக்குங்கள். ‘தொழில்நுட்பம்’ என்று ஆரம்பித்தால் கைப்பேசி விமர்சனத்தில் போய் முடியும். ‘வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுக்குள் இருக்கும் பைத்தான் நிரலர்களுக்கு’ என்றால் கேட்பவருக்கும் புரியும், பணம் தருபவருக்கும் புரியும். பேச்சு தமிழில் இருக்கலாம். கலைச்சொற்களை அலுவலகத்தில் சொல்வதுபோலவே சொல்லுங்கள், ‘ஃபங்ஷன்’ என்பதை மொழிபெயர்த்துக் கேட்பவரைத் திணறடிக்க வேண்டாம். ஆனால் அத்தியாயத் தலைப்பில் அந்தச் சொற்களை ரோமன் எழுத்திலும் போட்டுவையுங்கள். தமிழர்களும் தேடும்போது அப்படித்தான் தட்டுகிறார்கள்.

நிரலை வாய்விட்டு வாசிப்பது இந்த வகைப் பாட்காஸ்டில் அடிக்கடி நடக்கும் தவறு. அடைப்புக்குறி, புள்ளி, சமக்குறி என்று வாசித்தால் பேருந்தில் கேட்டுக்கொண்டு போகிறவர் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார். நிரலைக் குறிப்பில் எழுதிப்போட்டு, காதுக்கு அதன் நடப்பைச் சொல்ல வேண்டும். ஒரே தகவலை இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் மாற்றப் போவதால் வரும் பிழையான ‘ரேஸ் கண்டிஷன்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து நிறுவைக் கொட்டகையில் இரண்டு கிராணிகள், அதாவது கணக்கர்கள், ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள். அதுவரை நிறுத்த ரப்பர் பால் 120 கிலோ என்று இருக்கிறது. இருவரும் அந்த 120-ஐ மனத்தில் வாங்கிக்கொண்டு தத்தம் தராசுக்குப் போகிறார்கள். முதலாமவர் 15 கிலோ நிறுத்து வந்து 135 என்று எழுதுகிறார். இரண்டாமவர் 20 கிலோ நிறுத்து, தாம் முன்பு பார்த்த 120-உடன் கூட்டி, 135-ஐ அடித்துவிட்டு 140 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியது 155. யாரும் தப்பாகக் கூட்டவில்லை, ஆனால் 15 கிலோ காணோம். ஒருவர் கையில் புத்தகம் இருக்கும்வரை மற்றவர் அதைத் திறக்கவே கூடாது என்பது ‘லாக்’. ஒருவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பேனாவுக்குக் காத்திருக்க, இன்னொருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு புத்தகத்துக்குக் காத்திருந்தால் அது ‘டெட்லாக்’. ஒன்றரை நிமிடத்தில் சொல்லிவிடலாம், திரை எதுவும் வேண்டாம்.

அடுத்தது ஒலி. எங்களைப் போன்ற ஊர்களில் நிகழ்ச்சிகள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். கடைக்காரர் பளபளவென்று காட்டும் கண்டென்சர் மைக்கை வாங்காதீர்கள். அது குளிரூட்டி ஓடும் அமைதியான அறைக்கு. தகரக் கூரையும் கண்ணாடிச் சட்ட ஜன்னலும் உள்ள வீட்டில் அது உங்கள் குரலோடு காற்றாடி, செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி, பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாவற்றையும் வாங்கிவைக்கும். நம் ஊர் ஈரப்பதமும் அதற்கு ஆகாது. கணினிக்கான யூஎஸ்பி, ஒலிக்கருவிக்கான எக்ஸ்எல்ஆர் ஆகிய இரண்டு இணைப்பும் உள்ள டைனமிக் மைக் 300 முதல் 450 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், சாம்சன் கியூ2யூ அந்த வகை. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் அகலம். நேருக்கு நேர் வைக்காமல் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் ‘அப்படிப்பட்ட’ என்னும்போது வரும் காற்று மைக்கில் அடிக்காது. பத்து சென்டிமீட்டரில் இருந்த வாய் இருபது சென்டிமீட்டருக்கு விலகினால் குரல் 6 டெசிபல் இறங்கும். அதை ஈடுகட்ட ஒலியளவைக் கூட்டுவீர்கள், அறைச் சத்தமும் கூடவே ஏறும். பாதிக் குறைகளுக்குக் காரணம் இந்த விலகல்தான்.

முட்டைத் தட்டைச் சுவரில் ஒட்டுவது பயனில்லாத வேலை. மெத்தையை நிறுத்துங்கள், அதுவும் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால். இந்த வகை மைக் தன் பின்பக்கத்துச் சத்தத்தைப் பெரிதாக எடுக்காது, தனக்கு எதிரே இருப்பதைத்தான் எடுக்கும். எதிரே நீங்களும், உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பும் எதிரொலியும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலும் சரிதான். மாலை நான்கிலிருந்து ஆறு வரை இடிமழைக்கு உரிய நேரம், அதில் பதிவு வைக்காதீர்கள். தகரத்தில் விழும் மழையை மென்பொருளால் குரலிலிருந்து சுத்தமாகப் பிரித்து எடுப்பது கடினம். இரவு பத்துக்குமேல் லாரி ஓயும், ஆனால் சில்வண்டு எழும். காற்றாடி உறுமலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிக் குறைக்கலாம். சில்வண்டின் கீச்சு ‘ச’, ‘ஸ’ ஒலிகள் இருக்கும் உயரத்திலேயே இருப்பதால் அதை வெட்டினால் பேச்சும் மழுங்கும். ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, 25 நிமிடம் பேசி, வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போவதுதான் வழி.

மெல்லிய ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் விடாமல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் பேசிக்கொண்டிருக்கும். பேட்டரியில் ஓட்டினால் போய்விடும். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நிற்க வேண்டும், பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலை முழுதாகச் சீராக்க முடியாது. தொடங்குமுன் ஐந்து விநாடி யாரும் பேசாமல் அறையின் மௌனத்தைப் பதிந்துகொள்ளுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சல் குறைக்க அந்த மௌனம்தான் மாதிரி. அதிலும் 6 முதல் 9 டெசிபலோடு நிறுத்துங்கள், பேராசைப்பட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

விருந்தினர் சென்னையிலோ டொரோண்டோவிலோ இருந்தால் இணைய அழைப்பைப் பதிவு செய்து அப்படியே வெளியிடாதீர்கள். இங்கே இணைப்பு விக்கினால் அவர் சொல்லும் விக்கும். அழைப்பு, பேசிக்கொள்ள மட்டும். இருவரும் தத்தம் கணினியில் தனித்தனியே 48 கிலோஹெர்ட்ஸில் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிய வேண்டும். 24 பிட் ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் ஆகும், விருந்தினர் கணினியில் இடம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. முதல் தட்டை வைத்து இரண்டு தடத்தையும் பொருத்திய பிறகு கடைசித் தட்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டு கணினியின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாததால் ஒரு மணி நேரத்தில் சற்று விலகியிருக்கும். சிரிப்பு கேள்விக்கு முன்னால் வரும் நிகழ்ச்சிகளின் ரகசியம் அதுதான். விருந்தினரின் புளூடூத் இயர்ஃபோன் மைக்கை மட்டும் ஏற்காதீர்கள். மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பெரும்பாலும் அது தொலைபேசித் தரத்துக்கு, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இருபது வெள்ளிக் கம்பி இயர்ஃபோன் அதைவிட மேல்.

முடித்த கோப்பின் சராசரி உரப்பு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், இது ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு. 96 கிலோபிட் ஒற்றைத் தட எம்பி3-ஆக மாற்றினால் அரை மணி நேரம் 21.6 மெகாபைட். பேச்சுக்கு அது போதும்.

வெளியிடுவதில் பெரிய வித்தை இல்லை. ஆனால் புதிய அத்தியாயங்களைக் கேட்பவரின் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடை உங்கள் பெயரில் இருக்கட்டும், வேறு சேவைக்கு மாறினால் பழைய முகவரியைத் திருப்பிவிடும் வசதி உண்டா என்று சேருமுன் பாருங்கள். மாறும்போது ஒவ்வோர் அத்தியாயத்தின் அடையாள எண்ணும் மாறாமல் இருக்க வேண்டும். மாறினால் கேட்பவரின் செயலி எல்லா அத்தியாயத்தையும் புதிது என்று நினைத்து மறுபடி இறக்கும், அவர் எரிச்சலில் சந்தாவை நீக்குவார். அட்டைப்படம் சதுரமாக, 1,400 முதல் 3,000 பிக்சலுக்குள். தமிழ்த் தலைப்பை மெல்லிய எழுத்தில் போட்டால் கைப்பேசியின் சிறு கட்டத்தில் மெய்யெழுத்தின் புள்ளிகள் காணாமல் போகும்.

முதல் ஆண்டுச் செலவைக் கூட்டிப் பார்ப்போம். மைக் 400 வெள்ளி, கைத்தாங்கி 70, காதை மூடும் ஹெட்ஃபோன் 100, காற்றுத்தடுப்பு 20, இணையப் பெயர் 60. ஓடை வைக்கும் சேவைக்கு மாதம் 60 முதல் 90 வரை. மொத்தம் ஏறக்குறைய 1,400-இலிருந்து 1,700 வெள்ளி. உழைப்பு இதில் சேரவில்லை. அரை மணி அத்தியாயத்துக்கு தேடிப் படிப்பதில் தொடங்கி குறிப்பு எழுதுவது வரை எட்டு மணி நேரம் பிடிக்கும். வேலைக்குப் போகிறவர் வாரம் ஒன்று என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். நான்கு அத்தியாயம் கையில் சேர்ந்த பிறகே முதலாவதை வெளியிடுங்கள். ஏழாவது எட்டாவதில் நின்றுபோன நிகழ்ச்சிகளைப் பார்த்தால், பெரும்பாலும் கைவசம் ஒன்றுமில்லாமல் ஓடியவை.

பணம் தரும் ஆதரவாளரிடம் (ஸ்பான்சர்) போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். மொத்தப் பதிவிறக்கம் எவ்வளவு என்று எழுதாதீர்கள், அது நாளாக நாளாகத் தானே வளரும் எண். ஓர் அத்தியாயம் வெளியான முதல் 30 நாளில் எத்தனை என்பதை எழுதுங்கள், அதையும் நாடுவாரியாகப் பிரித்து. ஷா ஆலாமில் இருக்கும் பயிற்சி நிலையம் கோயம்புத்தூர் செவிக்குக் காசு தராது, சிங்கப்பூர் நிறுவனம் ஒருவேளை ஜொகூர் பாரு செவிக்கும் சேர்த்துத் தரும். கேட்பவர்களிடம் ஐந்து கேள்வியில் கருத்தெடுப்பு வையுங்கள்: என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்த மொழியில் நிரல், எந்த ஊர், கருவி வாங்குவதில் சொல்வாக்கு உண்டா. அறுபது பேர் பதில் எழுதினாலே அந்தத் தாளுக்கு எடை வந்துவிடும். எண்ணிக்கை திடீரென்று சரிந்தாலும் பதற வேண்டாம். 2023-இல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 17 வந்தபோது, கேட்காமல் குவிந்துகிடந்த அத்தியாயங்களை ஆப்பிள் செயலி தானாக இறக்குவதைக் குறைத்தது. பல நிகழ்ச்சிகளின் எண் இறங்கியது, அதனால் கேட்டவர்கள் குறைந்தார்கள் என்று ஆகாது.

ஒரு விளம்பரம் என்று விற்காமல் மூன்று மாதம், ஆறு அத்தியாயம் என்று மொத்த விலை சொல்லுங்கள். ஒரு தடவை கேட்டு யாரும் சர்வர் வாங்க மாட்டார்கள், ஒன்றை மட்டும் விற்றால் ‘பலன் இல்லை’ என்ற பதில்தான் வரும். மாதம் 400 வெள்ளி என்று ஒரே ஓர் ஆதரவாளர் நான்கு மாதம் நின்றால் மேலே சொன்ன ஆண்டுச் செலவு ஏறக்குறைய அடைபடும். எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் சரிபார்க்கத் தனிச் சலுகைக் குறியீடு கொடுக்கச் சொல்லுங்கள். அதை அத்தியாயத்தோடு ஒட்டிப் பதிந்துவிட்டால் குறியீடு காலாவதியான பிறகும் பழைய அத்தியாயத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும், விளம்பரத்தைத் தனிக் கோப்பாகச் செருகும் வசதியுள்ள சேவையில் இருந்தால் கழற்றிவிடலாம். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: பணம் எத்தனை நாளில், போட்டி நிறுவனத்தை ஏற்கக் கூடாது என்ற தடை எத்தனை மாதம், நடுவில் நிறுத்தினால் யாருக்கு எவ்வளவு. தாங்கள் ஓட்டிப் பார்க்காத கருவியைப் புகழ்ந்து பேசாதீர்கள். கேட்பவர் நிரலர், அன்றிரவே நிறுவிப் பார்த்துவிடுவார்.

நிலையான வருமானம் பெரும்பாலும் பாட்காஸ்டுக்கு வெளியேதான் இருக்கிறது. இருபது அத்தியாயம் ஒரே பொருளில் பேசியவரிடம் ‘எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் வகுப்பு எடுப்பீர்களா’ என்று கேட்பார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட, சட்டத்துக்கு உட்பட்ட துறை நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை, மனிதவளப் பயிற்சி நிதியை நடத்தும் எச்ஆர்டி கோர்ப்பில் கட்டுகின்றன. அங்கே பதிந்த பயிற்சி நிறுவனத்தின் வழியாக அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் நடத்தும் வகுப்புக்கு அந்தப் பணத்திலிருந்து கோரிக்கொள்ளலாம். அதனால் அங்கீகாரம் வாங்கிவைத்தவருக்கு ஒரு வகுப்பில் வருவது, ஓராண்டு விளம்பரத்தில் வராததாக இருக்கும்.

யூடியூபிலும் போடலாம். வழக்கமான விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், இந்தத் துறையில் அது நெடுந்தொலைவு. கூகுள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் உலகெங்கிலுமிருந்து வரும் யூடியூப் வருமானம் முழுவதிலும் 24 விழுக்காடு வரை கழியலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் வழி வந்த பங்கில் மட்டும் 30 விழுக்காடு, காரணம் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அதைக் குறைக்கும் வரி ஒப்பந்தம் இல்லை.

இங்கே நம் பக்கத்துக் கடமையும் உண்டு. பணம் கேட்டு முதல் இன்வாய்ஸ் அனுப்புமுன், தொழில்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்-இல் பதிந்துகொள்ளுங்கள். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழில் பெயர் வைத்தால் 60. சம்பளக்காரராக இருந்து இதில் வருமானம் வந்தால் வருமான வரிக்கு, தொழில் வருமானம் இல்லாதவருக்கான பிஇ படிவம் அல்ல, தொழில் வருமானம் உள்ளவருக்கான பி படிவம், கெடு ஜூன் 30. மைக் வாங்கிய ரசீதிலிருந்து எல்லாவற்றையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் பக்க வருமானம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். விருந்தினர் தம் அலுவலக நிரலைப் பற்றிப் பேசினால் அவர் நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். தொடக்க இசைக்குச் சினிமாப் பாட்டில் பத்து விநாடி போட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வேண்டாம், ஆதரவாளரின் வழக்கறிஞர் கேட்பார்.

இதை உங்கள் பத்திரிகைக்கு எழுதக் காரணம், தோட்டப்புற இளைஞர்களுக்கென்று ஒதுக்கும் பணத்தில் ‘ஒலிப்பதிவுக் கூடம்’ கட்டித்தரப் பேச்சு நடக்கிறது என்பது. கூடம் வேண்டாம். கண்ணாடிச் சுவர், வண்ண விளக்கு, திறப்பு விழாப் பலகை என்று கட்டப்படும் அறைதான் எதிரொலியில் முதலிடம் பிடிக்கும், சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே மாலை போகும். சமூக மண்டபத்தில் திரைச்சீலையும் கம்பளமும் மடித்துவைத்திருக்கும் பொருளறையே இதற்குப் போதும். இரண்டு டைனமிக் மைக், இரண்டு மேசைத்தாங்கி, இரண்டு கம்பி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஊர் நூலகத்தில் வைத்து, புத்தகம்போல் ஒரு வாரத்துக்கு இரவல் கொடுக்கலாம். ஆயிரம் வெள்ளிக்குள் முடியும். பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டும் வையுங்கள், எந்தக் கம்பி கரகரக்கிறது என்று திருப்பிக் கொடுப்பவர் எழுதிவைக்க.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்